ஆமென் என்றால் ரஸ்க்

திருப்போரூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஜெனிஃபர் சித்திக்கு,

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நைட் டியூட்டி குறையவேண்டும் என்று தினமும் ஜெபிக்கும் உங்கள் அக்கா மகள் சிநேகா எழுதுகிறேன். நீங்கள் விட்டுச் சென்ற நாய் பட்டனைப் பற்றி நடந்தது நடந்தபடி எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். யாரையும் காப்பாற்றுவதற்காக எதையும் மறைக்கமாட்டேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். சார்ஜர் வயரைப் பட்டன் கடித்துவிட்டது. இதுதான் முதல் உண்மை.

முட்டுக்காடு படகுத்துறைக்கு வெளியே யாரோ காரிலிருந்து இறக்கிவிட்டுப் போன நாய் என்று சொல்லி, ஒரு கட்டைப்பையில் வைத்து அதைக் கொண்டுவந்தீர்களே, அன்று அது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கியதுதான். சோறு வைத்தாலும் வரவில்லை. துடைப்பத்தை எடுத்தால் நடுங்கியது. ஆனால் தெருவில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்கு ஓடும். கொஞ்ச நேரம் நின்று பார்க்கும். பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிலிண்டருக்குப் பின்னால் போய்விடும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மாவும் பார்த்தார்.

நான் பள்ளி நூலகத்திலிருந்து நாய் வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். அதில் எல்லா நாய்களும் புல்வெளியில் உட்கார்ந்திருக்கின்றன. நம் வீட்டில் புல்வெளி இல்லாததால் துணி துவைக்கும் கல்லருகே பயிற்சியைத் தொடங்கினேன். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சொல்லை ஒரே மாதிரி சொல்லவேண்டும், நாய் கீழ்ப்படிந்தால் உடனே தின்பண்டம் கொடுக்கவேண்டும் என்பது புத்தகத்தின் முக்கிய விதி. நான் "உட்கார்" என்றேன். அணுபுரத்துக்கு வேன் ஓட்டிவிட்டு வந்த அப்பா, "குந்துடா மச்சான்" என்றார். அம்மா, "ஏய், ஓரமாப் போ" என்றார். பட்டன் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்பாவின் காக்கிச் சட்டைமேல் படுத்துத் தூங்கிவிட்டது.

பெரிய பிரச்சினை மாலை ஜெபத்தில்தான் வந்தது. அப்பா பாட்டை உச்சத்துக்குத் தூக்கும்போதெல்லாம் பட்டனும் முகத்தைத் தூக்கி ஊளையிட்டது. "என் சுருதிய கரெக்டா புடிக்குது பாரு" என்று அப்பாவுக்குப் பெருமை. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளிக்கெழம நம்ம வூட்ல ஜெபக்கூட்டம் கீது. பாஸ்டர் ஐயா முன்னாடி இது ஊள வுட்டுதுன்னா, அன்னிக்கே ஜெனிக்குக் கடுதாசி போட்டு, வந்து தூக்கினு போவச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து பாட்டு நேரத்தில் பட்டனை மடியில் வைத்துக் காதைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்பா சுருதியைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் மூன்று பேரும் "ஆமென்" சொன்னதும் அதற்கு ஒரு துண்டு ரஸ்க் கொடுத்தேன். கொஞ்ச நாளில் ஊளை நின்றுவிட்டது. "ஆமென்" என்றதும் பட்டன் தானாக வந்து உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி ரஸ்க் கேட்கவும் கற்றுக்கொண்டது. நம் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும் சொல் அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புத்தகம் சொன்னது சரி. ஆனால் ஜெபக்கூட்டத்தில் எத்தனை ஆமென் வரும் என்பதை நான் யோசிக்கவில்லை.

இன்று சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். செங்கல்பட்டிலிருந்து பாஸ்டர் கிருபாகரன் ஐயா காரில் வந்தார். பாட்டு முடிந்தது. பட்டன் மூச்சுவிடவில்லை. அம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். பிறகு ஐயா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். அவர் ஒரு வரி சொன்னால் எல்லோரும் "ஆமென்" என்பார்கள் அல்லவா? முதல் ஆமெனுக்குப் பட்டன் என் மடியிலிருந்து குதித்துப் போய் அம்மா முன்னால் உட்கார்ந்தது. ரஸ்க் வரவில்லை. அடுத்த ஆமெனுக்குப் பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் அத்தை முன்னால் உட்கார்ந்தது. அங்கும் வரவில்லை. அதற்கடுத்த ஆமெனுக்கு நேராக ஐயாவிடம் போய், முட்டிமேல் காலை வைத்தது.

கண்ணைத் திறக்காமலே ஐயா அதன் தலையில் கைவைத்தார். "ஆண்டவரே, உம்மைத் தேடி வந்த இந்தச் சின்னப் பிள்ளைக்கு நல்ல படிப்பையும் ஞானத்தையும் தாரும்" என்றார். எல்லோரும் பழக்கத்தில் "ஆமென்" என்றார்கள். பட்டன் அவர் கையை நக்கியது. ஐயா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

அப்பா தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். செங்கம்மாள் அத்தைதான், "ஐயா, அது ஜெரோம் வூட்டு நாயி" என்று அப்பாவைக் காட்டிச் சொன்னார். ஐயா கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "பரவால்லம்மா. ஆசீர்வாதம் குடுத்தது குடுத்ததுதான். திருப்பி வாங்க முடியாது" என்றார். அத்தை விடவில்லை. "இங்க குந்தினு கீறவங்கள்ல பாதிப் பேரு தூங்கி வழியறாங்க. இது ஒண்ணுதான் ஆமெனுக்கு ஆமென் முழிச்சினு கீது" என்றார். வீடே சிரித்தது. அதற்குமேல் ஜெபத்தை நீட்ட முடியாமல் ஐயா முடித்துவிட்டார். எங்கள் வீட்டுக் கூட்டத்தில் டீ சூடாக இருந்தது இதுவே முதல் முறை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடியிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லோரும் கிளம்பும்போது ஐயா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் பட்டனைத் தேடினேன். அது வாசலுக்கு ஓடவில்லை, சித்தி. காதை ஒரு தடவை அசைத்துவிட்டு, டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் காலடியிலேயே படுத்திருந்தது. அம்மா அதைக் குனிந்து பார்த்தார். கால் மரத்துப்போகும்வரை நகராமல் அப்படியே நின்றார்.

பிறகு என்னிடம், "ஜெனிக்குக் கடுதாசி எழுதிட்டியா?" என்று கேட்டார். ஆகவே அம்மா சொன்னபடி எழுதுகிறேன்: வந்து பட்டனை அழைத்துச் செல்லுங்கள். இது அம்மாவின் வாக்கியம். என் வாக்கியம் இது: லீவு கிடைத்தால் கட்டாயம் வாருங்கள், நிறைய நாள் தங்குங்கள், ஆனால் தயவுசெய்து அந்தக் கட்டைப்பையை மட்டும் கொண்டுவராதீர்கள்.

கர்த்தர் உங்களையும், கடிக்கப்பட்ட சார்ஜரையும், எங்கள் நால்வரையும் காப்பாராக.

உங்கள் பிரியமுள்ள,
சிநேகா.

பின்குறிப்பு: எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். "லைட்ட அமுத்தப் போறேன், தூங்குடி" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். இப்போது அங்கே ரஸ்க் டப்பா திறக்கும் சத்தம் கேட்கிறது. அம்மா, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, மெதுவாக "ஆமென்" சொல்கிறார். இதற்குமேல் தாளில் கோடு தெரியவில்லை, விளக்கை அணைத்துவிட்டார்.