திரும்பி வந்த கிண்ணங்கள்

அன்புள்ள அத்தான்,

போனில் பேசினால் பாப்பா பக்கத்திலேயே நிற்பாள். அதனால்தான் உங்கள் கேம்புக்கு எழுதுகிறேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இங்கே இலத்தூரிலும் ஈரம்தான், வனைந்தது எதுவும் காய மாட்டேன் என்கிறது.

கொச்சிக்கு அனுப்பிய ஜப்பான் தேநீர்க் கிண்ணங்கள் திரும்பி வந்துவிட்டன. கைப்பிடி இல்லாத கிண்ணம். இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தித்தான் குடிப்பார்கள். சுவர் மெலிந்தால் கை பொறுக்காது. “பிடிக்கவே முடியவில்லை, அவ்வளவு சூடு” என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொன்றிலும் கொதிநீர் ஊற்றி, இடது கையில் ஏந்திப் பார்த்துத்தானே அனுப்பினேன்!

அதில் ஒன்றை எடுத்து மறுபடி ஊற்றி ஏந்தினேன். சுடவில்லை. கிண்ணங்களைப் பெட்டியில் அடுக்க வரும் ரூபிதான் பதறினாள். “யக்கா, கை செவந்துட்டு, கீழ வைங்க!”

வலது கைக்கு மாற்றினேன். மறுநொடி கிண்ணம் தரையில் உடைந்து கிடந்தது.

இடது உள்ளங்கையோரம் வெளிறிய தேமல் ஒன்று இருக்கிறது. களிமண் காய்ந்த தடம் என்று நினைத்து இத்தனை நாளும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று எழுதியிருக்குமே, அதன் மீதி வரியை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

பாப்பாவின் குளியல் வெந்நீரையும் இந்தக் கையால்தான் தொட்டுப் பார்ப்பேன். “சுடுதும்மா” என்று அவள் அழுதபோதெல்லாம் அதட்டியிருக்கிறேன்.

லீவு கேட்டு வாருங்கள், அத்தான். டாக்டரிடம் போகுமுன் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீங்கள் என் இடது கையைப் பிடியுங்கள். பிடித்துவிட்டீர்களா என்று நான் கேட்காமல் இருக்க வேண்டும்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா