முருங்கையில் கட்டிய தொட்டில்

அன்பு மகள் சுபாஸ்ரீக்கு,

கடமலைக்குண்டிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்கு மாரியம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே இரண்டு நாளாக மழை, தக்காளி அத்தனையும் வெடித்துவிட்டது, செவலைப் பசு சினையாக இருக்கிறது, அப்பாவுக்கு முட்டுவலி, மாத்திரையை நீட்டினால் என்மேல் எரிந்து விழுகிறார். இப்போது அவர் சந்தைக்குப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

புனேயில் ஆபீஸ் பிள்ளைகளோடு காட்டுக்குப் போய்த் தங்கப் போவதாகவும், மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் துணி ஊஞ்சலுக்கு எந்த மரம் நல்லது என்றும் போனில் கேட்டாய். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தார் அப்பா. "தம்பியத் தொட்டில்லருந்து தள்ளிக் கொன்னவ, இப்ப ஊஞ்சல் கட்டப் போறாளாக்கும்" என்றார். உனக்கும் கேட்டிருக்கும். நான் போனை வாங்கி வைத்துவிட்டேன், நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன்.

இலை பச்சையாக இருக்கும் மரமாகப் பார், அடிமரம் உன் இடுப்புக் கனமாவது இருக்க வேண்டும். அண்ணாந்து பார், பட்ட கொப்பு ஒன்று இருந்தாலும் அதன் அடியில் படுக்காதே. தூரில் கறையானோ காளானோ இருந்தால் வேண்டாம். கையால் தட்டு, உள்ளே பொந்து இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். அடிமரத்தில்தான் கட்ட வேண்டும், கிளையில் கட்டாதே. முருங்கை, இலவம் பக்கம் போகவே போகாதே, பார்க்கப் பருமனாக இருக்கும், முறியும்போது சொல்லிவிட்டு முறியாது.

இது எனக்கு அன்றைக்கும் தெரியும். நான் கூலிக்குப் போன அந்த வெங்காயக் காட்டில் எல்லாப் பெண்களும் புளியமரத்தில்தான் தொட்டில் கட்டுவார்கள், ஆனால் அது தூரம். தம்பிக்குப் பால் கொடுக்க இரண்டு தடவை போய் வந்ததற்கே மேஸ்திரி சுருளியாண்டி, "ஏத்தா, பிள்ள வளக்க வந்தியா, வெங்காயம் பிடுங்க வந்தியா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில் தொட்டில் சேலையைப் புளியமரத்திலிருந்து அவிழ்த்து வந்து வரப்போரத்து முருங்கையில் கட்டினேன். ஆறு வயதுப் பிள்ளையான உன்னிடம் தொட்டிலை ஆட்டச் சொன்னேன். நீ மெதுவாகத்தான் ஆட்டினாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொப்பு முறிந்தது, கீழே கல். ஓடி வந்தவர்கள் என்னைத்தான் கேட்டார்கள், "இவதான் எட்டி எட்டித் தள்ளுனா" என்று நான் சொன்னேன். நீ என் முகத்தையே பார்த்தாய். அப்பா வந்து கேட்டதும், "ஆமாப்பா, நாந்தான் தள்ளுனேன்" என்று நீயே சொன்னாய்.

போன வருஷம் உன் சித்தி மகள் சினேகாவின் பிள்ளைக்குக் காது குத்தியபோது அவள் மாமியார், "அவ கையில மட்டும் குடுத்துறாதீக" என்றாள். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். அப்போதும் நான் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நீ தள்ளவில்லை. இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன், அப்பாவிடம் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. அவர் ஏசினால் நீ போனை வைத்துவிடலாம், நான் இந்த வீட்டில்தான் படுத்து எழ வேண்டும்.

தீர்க்காயுசாக இரு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அப்பா அந்தப் பேச்சை எடுத்தால் இத்தனை வருஷம் இருந்ததுபோலவே பேசாமல் இரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
முத்துமாரியம்மாள்