மறியலில் ஒரு சம்மந்தி விருந்து

உங்களுக்கு,

இன்று காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மலைச் சாமை வாங்கி வந்தேன். முறத்தில் கொட்டியதும் உமியும் மண்ணும் கலந்த அந்த வாசனை எழுந்தது. கல் பொறுக்கிக்கொண்டிருந்தவன் தனியாகச் சிரித்திருக்கிறேன். மருமகள் எட்டிப் பார்த்தாள். “இன்னா மாமா, சாமையில ஜோக்கு கீதா?” என்றாள். உங்களைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் மறைந்த செய்தி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்னமும் அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் வருகிறது. இது முறையா என்று எனக்கு ஐயம். நீங்களாக இருந்தால், “அழறதுக்கு இன்னா சார் கீது?” என்று கேட்டிருப்பீர்கள்.

டென்மார்க்கில் பிறந்த உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது, நீங்கள் மாடியில் குடியிருந்த ஜவுளிக்கடை பாய் வீடு. நான், “எப்போது புறப்படலாம்?” என்று கேட்பேன். “இப்பவே போய்க்கினே இருக்கலாம் சார்” என்பீர்கள். என் தமிழைக் கேட்டால் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது என்று கேலி வேறு.

மழை பொய்த்தாலும் சாமை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று வேரைத் தோண்டிப் பார்ப்பது நாம் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. கல்வராயன் மலைமேல் நமக்கு ஒரு சாமைக் கொல்லை இருந்தது. உங்கள் அரசும் நம் அரசும் சேர்ந்து நிதி கொடுத்தன. திட்டம் தொடர வேண்டுமானால் இரு நாட்டு மதிப்பீட்டாளர்களும் ஒன்றாகக் கொல்லையில் நின்று பார்த்து, ஒன்றாகச் சரி சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தால் செல்லாது. மதிப்பீடு செய்ய வேண்டிய ஆண்டில் அது தவறினால் நிதி நின்றுவிடும். தோண்டியது எல்லாம் பாதியில் போகும்.

டெல்லியிலிருந்து ஒருவர், உங்கள் ஊரிலிருந்து ஒருவர் என்று இருவரும் கள்ளக்குறிச்சிக்கு வந்து தங்கினார்கள். மறுநாள் விடிந்ததும் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. ஊருக்கு வெளியே கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். வேறு ஊர்களிலிருந்து வந்த செய்திகள் நல்லவையாக இல்லை. இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதா? திரும்பிவிடலாம் என்றேன். “மரந்தானே சார் வுழுந்து கெடக்குது, மலையா வுழுந்துடுச்சி?” என்று நீங்கள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

மறியலில் நின்றவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். “திரும்பிக்கங்க. வண்டி வுட மாட்டோம்.”

நீங்கள் இறங்கி, “வண்டி வாணாம்ணா. நடந்தே போய்க்கறோம்” என்றீர்கள்.

“டேய், வெள்ளக்காரம்மா நம்ம பேச்சு பேசுதுடா!” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். கூட்டம் நெருங்கியது. தோளில் துண்டு போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிறவர் என்று பிறகு தெரிந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டார். சாமை பார்க்க மலைக்கு என்றீர்கள்.

“சாமைய பாக்க அவ்ளோ தூரத்துலேர்ந்தா? யாரு காசுல?”

“ரெண்டு நாட்டு காசுண்ணா.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “படிப்புல வேலையில பங்கு குடுங்கன்னு நாங்க ரோட்டுல நிக்கறோம். சாமைக்கு ரெண்டு நாடு குடுக்குதா? எதுக்கு?”

நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களோ என் பக்கம் திரும்பினீர்கள். “நம்ம பக்கத்த நீங்கதான் சார் சொல்லணும்.”

“இது இரு தரப்பு ஒத்துழைப்பின் அடிப்படையில்...” என்று ஆரம்பித்தேன்.

“சார், தமிழ்ல சொல்லுங்க!” என்றது கூட்டம். நீங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் என் பயம் எங்கோ கொஞ்சம் நழுவியது.

“சம்மந்தி மாதிரிங்க” என்றேன். “வண்டி வச்சி இங்க வர்ற செலவு அவங்களுது. நம்ம ஊர்ல எறங்கிட்டா சோறு, தங்கறது எல்லாம் நம்முது. நாம அங்க போனா அவங்க பாத்துக்குவாங்க. கருவி அவங்களுது, நெலமும் ஆளும் நம்முது.”

“அதுல யாரு கை மேல?”

“யாரு கையும் மேல இல்லீங்க. சரி பாதி. ரெண்டு பேரும் சேந்து நின்னு சரின்னாதான் நடக்கும்.”

என் வாயிலிருந்தா இவ்வளவு சத்தமாக வந்தது என்று இன்றும் வியப்பு. அதுவரை வெளிநாட்டு உதவி என்றுதான் நான் வீட்டில்கூடச் சொல்லிவந்தேன். சரி பாதி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டீங்களா? யாரும் யாருக்கும் பிச்ச போடலயாம். நாம கேக்கறதும் அதானே?” பிறகு எங்களிடம், “இப்ப எங்க எல்லையில நிக்கறீங்க. அப்ப சோறு எங்க செலவு. சாப்புடாம சம்மந்திய அனுப்ப மாட்டோம்” என்றார்.

வெட்டிப்போட்ட புளியமரத்தின்மேல் எங்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். மறியல்காரர்களுக்காக அண்டாவில் செய்திருந்த சாம்பார் சோறு இலையில் வந்தது. உங்கள் ஊர்க்காரர் ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர் தளும்பி உங்கள் காதில் ஏதோ சொன்னார். “காரம் ஜாஸ்தின்றாரு” என்று போட்டுக்கொடுத்தீர்கள்.

“பாத்தியா, சம்மந்தி கொற சொல்ல ஆரம்பிச்சிட்டாரு!”

காலையிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத டெல்லிக்காரர், சிரித்தபடி இரண்டாம் முறை சோறு வாங்கினார். “பொண்ணு வூட்டுக்காரரு பரவால்ல, நல்லா சாப்புடறாரு” என்று அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது.

கார் இந்தப் பக்கமே நின்றது. அதில் அவர்கள் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களைக் கைபிடித்து மரத்தைத் தாண்டவைத்து, அந்தப் பக்கம் ஒரு டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். கச்சிராயபாளையத்தில் நம் ஜீப் காத்திருந்தது.

ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. மறியலோ ஒரு வாரம் நீடித்தது. மதிப்பீட்டாளர்கள் மலையிலேயே மாட்டிக்கொண்டார்கள். முதல் நாள் கொல்லை ஓரத்தில் நின்று பார்த்தவர்கள், பிறகு முட்டிவரை மண்ணோடு குழிக்குள் இருந்தார்கள். அறுந்துபோகாமல் ஒரு வேரை முழுசாக எடுப்பது யார் என்று இருவருக்கும் போட்டி. கடைசியில் ஒரே குழியில், ஆளுக்கு ஒரு பக்கமாக மண்ணைத் தள்ளி, முழு வேர் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டெல்லிக்காரர் சரி என்றார்; உங்கள் ஊர்க்காரரும் சரி என்றார். நீங்கள் குழியைச் சுற்றி ஆடினீர்கள். நான் கைதட்டினேன் என்று நினைக்கிறேன். திட்டம் தொடர்ந்தது. நீங்கள் மேலும் பல அறுப்பு பார்த்தீர்கள்.

இப்போது இளைஞர்கள் சிலர், வெளிநாட்டோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சித் திட்டங்களை எழுதிக்கொண்டு என்னிடம் காட்ட வருகிறார்கள். அந்த நாடு என்ன தரும் என்பதை மிக விரிவாக எழுதியிருப்பார்கள். நம் பக்கம் என்ன தருகிறோம் என்று கேட்பேன். தாளைப் புரட்டிப் பார்ப்பார்கள். பிறகு நிலம், விதை, மழையில் நின்று வேலை செய்யும் ஆட்கள், இந்த மண்ணைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் குரல் உயர்வதைக் கேட்கிறேன். போன மாதம் அவர்களுக்காக ஒரு கூட்டத்திலும் பேசினேன். எதிரே வெளிநாட்டுக்காரர்கள். இடையில் தண்ணீர் குடித்தேன், சொல்ல வந்ததில் ஒன்றை மறந்தும்விட்டேன்.

ஆனால் நம் பக்கத்தை நான்தான் சொன்னேன். பாதிக்குக் குறைத்துச் சொல்லவில்லை.