பிரேக் உள்ளது, பிரேக் இல்லாதது

ஜூலை 9, 1953

காலையில்தான் பெங்களூரிலிருந்து திரும்பினேன். அங்கே பறக்கும் கிளப்பில் விற்பனைக்கு இருக்கும் இரண்டு கிளைடர் விமானத்தையும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். யுத்த காலத்தில் விமானப் பட்டறையில் கழித்த நாலு வருஷம் வீண்போகவில்லை. இரண்டும் ஒரே கம்பெனி. முந்தைய மாடலில் மரத்தை ஒட்டிய பசை எங்கும் விடவில்லை, பார்க்கவும் லட்சணம். பிரேக் கிடையாது. பிந்தையதில் வால் பக்கம் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஆனால் கைப்பிடியை இழுத்தால் இறக்கையில் தகடுகள் எழும்பி, வேண்டிய இடத்தில் இறக்கிவிடும். என்ஜின் இல்லாத வண்டி. தவறினால் மறுபடி சுற்றிவர முடியாது. பறக்கப்போவது, அந்தக் கிளப்பில் பறக்கக் கற்றுவந்த தம்பி. பிரேக் உள்ளதுதான்.

ஜூலை 12

தம்பி சங்கரநயினாருக்கு மற்றதன் மேல்தான் கண். “அது லேசு அண்ணாச்சி, நல்லா மிதக்கும்.”

“மிதக்கும்லே. இறங்கணும்லா?” என்றேன். சிரிக்கிறான்.

ஜூலை 15

நாளை மறுநாள் ஆடி. கிளைடரை வாங்கிக்கொள்கிறோம் என்று கடிதமே போடக் கூடாது என்கிறாள் அம்மா. “பழசுதானம்மா, ஆடிக்கு என்ன?” என்றான் தம்பி. “நமக்குப் புதுசுதாம்லே. ஆடி கழியட்டும்.” நானும் பேனாவை மூடிவிட்டேன்.

ஜூலை 25

ஊரெல்லாம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். தம்பி நாள் எண்ணுகிறான்.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்தது. முதல் வேலையாகத் தந்தி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 22

பதில் வந்தது. பிரேக் உள்ளது இரண்டு வாரம் முன்பே விலைபோய்விட்டதாம். மற்றது இருக்கிறதாம். தம்பி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

செப்டம்பர் 12

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் வேகனிலிருந்து கிளைடரை இறக்கினோம். கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றிவிட ராயகிரி லாரிக்காரர் ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

செப்டம்பர் 20

வாசுதேவநல்லூர்ப் பக்கம், வற்றிய குளத்தில் இறங்க வந்தான். இறங்கவில்லை. மிதந்துகொண்டே — ஐயோ, மிதந்துகொண்டே போய்க் கரையில் மோதிட்டானே. ஓடிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

செப்டம்பர் 21

கொள்ளி வைத்தேன்.

அக்டோபர் 6

பதினாறு முடிந்தது. அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று பக்கத்தில் கூப்பிட்டாள்.

“ஆடி கழியட்டும்னு நாந்தானே சொன்னேன். அந்த இன்னொண்ணை வாங்கியிருந்தா எம்பிள்ள இருப்பானாலே? நெசத்தைச் சொல்லு.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒரு வித்தியாசமும் கிடையாது.”

“நீ நல்லாப் பாத்தியாலே?”

“தட்டித் தட்டிப் பாத்தேம்மா.”

என் கையிலிருந்த கஞ்சியை வாங்கிக் குடித்தாள்.