உன் தரை இன்னும் காயவில்லை

இன்று காலை திருவல்லிக்கேணி கடையின் ஷட்டரைத் தூக்கியதும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஈரத் தேக்கின் வாசனை. பழைய தோல் செருப்பில் விளக்கெண்ணெய் தடவிய மாதிரி என்று நான் சொல்வேன். "உன் மூக்குல கோளாறு கீது பாய்" என்பாய் நீ. ராத்திரி முழுக்க மழை. கடைக்குள் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆனால் காற்றே ஈரமாக இருக்கிறது. உன் வீட்டு ஹாலில் தரையாகக் கிடந்த பலகைகள் இப்போது என் கடையில் இருக்கின்றன, இடையிடையே குச்சி வைத்து அடுக்கியிருக்கிறேன். மேல் பலகையைத் தடவிப் பார்த்தேன். குழிவு அப்படியேதான் இருக்கிறது.

நீ போனது ஐப்பசியில். இது கார்த்திகை. தை பிறப்பதற்குள் இந்தப் பலகைகள் நிமிர்ந்தாக வேண்டும். நிமிராவிட்டால் உன் மகள் ஹாலில் டைல்ஸ் போட்டுவிடுவாள். ஊரே ஏரி நிறையட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறது; நான் ஒருவன் மட்டும் தொழுது முடித்து, இந்த மழையைக் கொஞ்சம் நிறுத்து என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். மரத்தைப் பற்றிப் பேச எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் கூட்டு சேர்ந்ததே ஒரு சண்டையில்தான், ஞாபகம் இருக்கிறதா? மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். நீளமான உத்தரங்களை எடுக்க நான் போயிருந்தேன். குட்டைத் துண்டுகளும் ஆணி ஏறிய சட்டங்களும் விறகுக்கென்று லாரியில் ஏறின. நீ அப்போது ஆபீஸ்களுக்கு லேமினேட் தரை போடும் ஆள். அந்தப் பக்கமாக ஸ்கூட்டரில் போனவன் நிறுத்திவிட்டு லாரிக்குக் குறுக்கே வந்து நின்றாய். "இன்னா நைனா, பர்மா தேக்க அடுப்புல வைக்கப் போறியா?" என்று கத்தினாய். எனக்குக் கோபம் வந்தது. இடிப்பு மர வியாபாரி நான், எனக்கே வந்து பாடம் எடுக்கிறானே என்று. "குட்டையா இருந்தா என்ன பண்றது, தொட்டில் கட்டுறதா?" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "தரைக்கு நீளம் எதுக்கு பாய்? குட்டையையே பக்கத்துல பக்கத்துல போட்டா தரை."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு புது மரத்தைக்கூட வெட்ட வைக்காமல் இத்தனை வருடம் பிழைத்தோம். பிழைத்தோம் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. தி.நகரில் ஒரு துணிக்கடை முதலாளி வெளிநாட்டுப் பலகைதான் வேண்டும் என்று நின்றாரே, அந்த நாள். பலகை விற்க வந்திருந்த பையனிடம் நீ கேட்டாய், "இது எந்தக் காட்டு மரம்?" அவன் முழித்தான். "கண்டெய்னர்ல வந்தது சார்" என்றான். "கண்டெய்னர்ல மரம் மொளைக்குமா மச்சி?" என்றாய். முதலாளியே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். படியிறங்கும்போது நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். "எந்தக் காடுன்னு தெரியாத மரத்த நம்ம தொடக்கூடாது பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு நீ கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய்.

உன் மந்தைவெளி வீட்டுத் தரையில் நாம் வேலை செய்த எல்லா வீடுகளும் இருந்தன. வேலை முடிந்து மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் போட்ட தரை அது. எந்தத் தெருவில் இடிந்த வீட்டு மரம் என்று ஒவ்வொரு பலகையின் அடியிலும் பென்சிலால் எழுதுவது உன் வழக்கம். லஸ், பாண்டி பஜார், காந்தி நகர். அடியில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பேன். "இடிஞ்ச வூட்டுக்கு ஒரு பேரு வேணாமா?" என்பாய். பசை போடவும் விடமாட்டாய். பசையில் நஞ்சு இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒட்டிவிட்டால் நாளைக்கு எடுக்கும்போது உடையும். திருகாணி மட்டும்தான். "நல்லாப் போடுற தரைய நாளைக்கு எதுக்குடா எடுக்கணும்?" என்று நான் கத்தியது அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்த 'நாளைக்கு' வந்துவிட்டது, மச்சி.

உன்னை மின்மயானத்துக்குத்தான் கொண்டுபோனோம். அப்படித்தான் நீ எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாய், உனக்காக ஒரு கட்டையும் எரியக்கூடாது என்று. உன் மாமனார் வழி ஆட்கள் முணுமுணுத்தார்கள். உன் மனைவி சரசுதான், "அவரு சொன்னா மாதிரியே செய்ங்க" என்று ஒரே பேச்சாக முடித்தாள். ஆண்கள் எல்லோரும் உன்னோடு வந்துவிட்டோம். வீட்டில் பெண்கள், அக்கம்பக்கத்தார்.

உடம்பு வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிடுவது உங்களில் வழக்கம். எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? நாங்கள் திரும்பி வரும்போது தெருவாசல் வரை தண்ணீர் ஓடியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். குடம் குடமாக ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி, மூலை முடுக்கு விடாமல் கழுவியிருந்தார்கள். ஈரத் துணியைக்கூட நன்றாகப் பிழிந்துதான் துடைக்க வேண்டும் என்று நீ காவல் காத்த தரை. இடுக்கு வழியாகத் தண்ணீர் அடிச்சட்டம் வரை இறங்கியிருந்தது. மேலே பளபளவென்று மின்னியது. உன்னை அனுப்பிவிட்டு வந்த போது வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது. எல்லோரும் உனக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். அதுவும் பொய் இல்லை.

காரியம் முடிவதற்குள் பலகைகளின் ஓரம் எழும்பி நடு குழிந்துவிட்டது. நடக்கும்போது கால் தட்டியது. உன் மகள் நிவேதா பொறுமையான பெண்தான். ஆனால் அவளும் என்ன செய்வாள்? "அங்கிள், அம்மாவுக்கு தினமும் கால் தடுக்குது. விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எடுத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம்" என்றாள். இப்போதே இழைத்துச் சமப்படுத்தலாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஈரத்தோடு இழைத்தால் காய்ந்த பிறகு நடு மேடாகிவிடும், மரமே வீண் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். டைல்ஸ்காரரையும் வரச் சொல்லிவிட்டாள்.

சரசுவிடம் தனியாகப் பேசினேன். "கொஞ்ச நாள் பொறும்மா, காஞ்சா பழையபடி வந்துரும்" என்றேன். அவள் தலை நிமிரவே இல்லை.

"மொத கொடம் நான்தாண்ணே ஊத்துனேன்," என்றாள். "எல்லாரும் சொன்னாங்க, ஊத்துன்னு. நானும் ஊத்திட்டேன். ஒவ்வொரு வாட்டி கால் தட்டும்போதும் அதான் நெனப்பு வருது. அவரு இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு? என்னால இதும் மேல நடக்க முடியலண்ணே. எடுத்துருங்க."

நீ இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் செய்து அவளைச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது, உனக்கே தெரியும். டைல்ஸ்காரர் கடப்பாரையோடு வந்த காலையில் நான் திருப்புளியோடு போய் நின்றேன். "உடைக்க வேணாம், நானே கழட்டித் தரேன்" என்றேன். பசை இல்லாத தரை. நீ சொன்னபடியே ஒன்றுகூட உடையாமல் வந்தது. உன்னிடம் நான் தோற்ற சண்டைகளில் இதை மட்டும் நீ பார்க்கவில்லை.

சரசு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்து வைத்த பலகைகளில் உன் கையெழுத்து. குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மகளிடம், "தை வரைக்கும் சிமெண்டுத் தரையே இருக்கட்டும்டி" என்றாள். என் பக்கம் திரும்பி, "நெஜமாவே நேராவுமாண்ணே?" என்று கேட்டாள். ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகுமா? சொல்லேன். ஈரம் பார்க்கும் மீட்டரைக் குத்திக் குத்திப் பார்க்கிறேன்; முள் ஒருநாள் இறங்குகிறது, அடுத்த மழைக்கு ஏறிவிடுகிறது. ஃபேனை நிறுத்துவதே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடா. அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்தப் பலகைகள் நிமிராவிட்டால், அந்த ஒரு குடம் தண்ணீரை அவள் சாகும் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பலகைகளை வண்டியில் ஏற்றும்போது, உன் பழைய தச்சுப் பென்சிலைச் சரசு என்னிடம் கொடுத்தாள். இறக்கி அடுக்கும்போது உன் பழக்கம் தொற்றிக்கொண்டு கடைசிப் பலகையின் அடியில் எழுதக் குனிந்துவிட்டேன். வீட்டிலிருந்து கழற்றி வந்த மரம், தெருப் பெயர் எழுத வேண்டும் அல்லவா? மந்தைவெளிக்கு 'ம' என்று தொடங்கும்போதே கை நின்றுவிட்டது. இடிந்த வீட்டுப் பெயரைத்தானே எழுதுவாய், உன் வீடு இன்னும் இடியவில்லையே. அந்த ஒற்றை எழுத்தை எச்சில் தொட்டு அழித்தேன். பென்சில் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை வெளியே எடுக்காமலே இந்தத் தையைத் தாண்டிவிட வேண்டும்.