இலையில் இருந்த பெருவிரல்

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் என்னை ‘இஞ்சேரும்’ என்றீர்கள். இனி உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள். டென்மார்க்கில், இந்த ஹொல்ஸ்டெப்ரோவில் வாழையிலைக்கு எங்கே போவது? உங்களுக்குப் படைக்க உங்கள் ஹோஸ்டாச் செடியில்தான் ஓர் இலை வெட்டினேன். பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன் வேரோடு பிளந்து தந்து, எண்பத்தைந்தாம் ஆண்டு நீங்கள் வடக்குச் சுவரோரம், வெயில் படாத மூலையில் நட்ட அதே செடி. இப்போது ஒவ்வோர் இலையும் சாப்பாட்டுத் தட்டு அளவு, பச்சைக்கு மேல் நீலம் பூத்தபடி.

வேலையால் வந்ததும் வராததுமாக அதற்கு முன்னால் குந்தி, இலை தின்ன வரும் நத்தைகளைப் பொறுக்குவீர்கள். நான் கிட்ட வந்தால் போதும். “இஞ்சேரும், இலையிலை கை வைக்காதையும். அந்த நீலம் மேலாலை பூசின மா மாதிரி. தொட்டால் போயிடும்.”

“என்னோடை கதைக்கிறதைவிட உதோடைதான் கூடக் கதைக்கிறியள்” என்று எத்தனை தரம் சண்டை பிடித்தேன்! ஒரு செடியோடு எனக்குப் பொறாமை.

அந்தக் கடைசி மாலையில் வாசலில் நின்று, “இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது” என்று கத்தினேன். திரும்பிய அவசரத்தில் பெரிய இலையொன்றில் உங்கள் பெருவிரல் பட்டுவிட்டது. நீலம் அழிந்து, பச்சையாக ஒரு விரல் அடையாளம். “எல்லாம் உம்மாலைதான்” என்று சிரித்தீர்கள். மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

ஒரு மாதமாக அந்த அடையாளத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் இலை உங்களுக்கே என்று அதையே வெட்டி வந்து விளக்கின் முன் விரித்தேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? வாழையிலைக்குச் செய்வதுபோலத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் துடைத்தேன். கை தன்பாட்டில் செய்துவிட்டது. இலை முழுதும் பச்சை. உங்கள் விரல் எங்கே என்று தேடினேன். நானே துடைத்துவிட்டேனப்பா!

சோறு படைக்கவும் முடியாமல் குழறி அழுதேன். சத்தம் கேட்டு ஓடிவந்த கிர்ஸ்டன் இலையைப் பார்த்தார். வசந்தத்தில் திரும்பவும் நீலமாக வரும் என்றார். நீலம் வரும். விரல் வருமா?

செடியை விடமாட்டேன். நத்தைகளை நானே பொறுக்குவேன். இலையைக் கீழிருந்துதான் தூக்குவேன். புது இலைகள் விரிந்ததும், தேத்தண்ணி போட்டுவிட்டு வாசலில் நின்று கூப்பிடுவேன். திரும்புகிற அவசரத்தில் ஓர் இலையிலாவது உங்கள் கை பட்டுவிடாதா?

உங்கள்
‘இஞ்சேரும்’