ஒரு சொல்லும் மாற்றாமல்

வண்ணார்பண்ணை
12 ஜனவரி 1938

அன்புள்ள அண்ணைக்கு,

நான் எழுதியதை நான்தான் எழுதினேன் என்று இன்னொருவருக்கு எப்படி நிரூபிப்பது? ஒரு கிழமையாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை.

மச்சாளின் முழங்கால் நோவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்துவிட்ட பனங்கிழங்கு ஒடியல் மா வந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்; கை வேறு பக்கம் போய்விட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஏற்க முடியாதாம். அதிலுள்ள விளக்கம், ஐப்பசியில் பருத்தித்துறையில் அச்சான ஒரு நூலில் சொல்லுக்குச் சொல் இருக்கிறதாம். நூலாசிரியர் கரவெட்டி சி. பஞ்சலிங்க பண்டிதர். நான் அதைப் பார்த்து எழுதிவிட்டுப் பண்டிதரின் பெயரை மறைத்ததாகப் பரீட்சகர் கருதுகிறார். நீங்கள் என் அண்ணை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் மோசமாக நினைத்திருப்பார்.

உங்கள் புத்தகத்தைக் கடையில் வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் இயலில் நான் எடுத்த புராணப் பாட்டைத் தூதனின் பேச்சென்றே எல்லோரும் இதுவரை பொருள் சொல்லி வந்தார்கள். அது போரில் மகனை இழந்த தாயின் பேச்சு. ஏடெழுதியவர்கள் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். சென்னையில் ஏடுகளை ஒப்பிட்டு இதைக் கண்டது நான். போன சித்திரை விடுமுறையில் அந்த இயலின் படியை உங்களுக்கு வாசிக்கத் தந்தேன். அதுதான் உங்கள் நூலில் ஐந்து பக்கமாக இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை.

கோபத்தில் எழுதவில்லை அண்ணை. விளங்காமல் எழுதுகிறேன்.

உங்கள் அன்புத் தங்கை
அருந்ததி

*

சிவமயம்

கரவெட்டி
17 ஜனவரி 1938

அன்புத் தங்கை அருந்ததிக்கு,

பொங்கலுக்கு உன்னை எதிர்பார்த்திருந்தோம். உனக்கென்று எடுத்துவைத்ததை உன் மச்சாள் பின்னேரம் மாட்டுக்கு வைத்தாள். புத்தகத்திலும் ஒரு பிரதி உறை போட்டு வைத்திருந்தேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நீ அந்தப் பக்கத்தைக் காணும்போது உன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தும் என் குற்றம் எனக்குப் பிடிபடவில்லை. கோயிலில் புராணப் படிப்பின்போது கதிரவேலு பாட்டை வாசிக்கிறான். நான் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்கிறேன். அது எங்களைப் பெற்ற ஐயாவின் சொல். ஐயாவுக்கு அது அவருடைய ஆசிரியரின் சொல். "இது இன்னார் சொன்னது" என்று நான் சொல்ல ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? மறுக்கப் போகிறவரின் பெயரைத்தான் நாங்கள் சொல்லுவோம். மனம் ஒப்பி ஏற்றுக்கொண்டதற்குப் பெயர் சொன்னால், அது இன்னும் என்னோடு ஒட்டவில்லை என்றாகும்.

உன் எழுத்தில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. களவெடுத்தவன் மாற்றியிருப்பான். ஐயாவின் சொல்லை எப்படிப் பாடம் பண்ணினேனோ அப்படியே உன்னுடையதையும் பண்ணினேன். எனக்கு இளையவளின் சொல்லை, அதுவும் ஒரு பெண்ணின் சொல்லை, அந்த வரிசையில் வைத்தேன். போன வருடம் கோயிலில் அதைச் சொன்னபோது பெண்கள் பக்கத்தில் விம்மல் கேட்டது. "அண்ணை, இவ்வளவு காலமும் ஒரு தாயைப் பிடிச்சுத் தூதன் எண்டெல்லோ சொல்லிப்போட்டம்" என்றான் கதிரவேலு.

வீட்டுக்கு வந்து, "உது எங்கடை பிள்ளை கண்டுபிடிச்சது" என்று உன் மச்சாளிடம் சொன்னேன்.

"அதைச் சபையிலை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொந்த வீட்டு ஆளின்ரை பேரை ஆரும் சபையிலை சொல்லுவினமே?" என்று சிரித்தேன்.

பரீட்சகருக்கு நான் என்ன செய்ய வேண்டும்? எழுது, செய்கிறேன்.

உன் நன்மையே நினைக்கும்
அண்ணை

*

வண்ணார்பண்ணை
21 ஜனவரி 1938

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் எழுதியது விளங்குகிறது. விளங்கியும் நோகிறது.

ஐயா உங்களைப் பக்கத்தில் இருத்திப் பாட்டுச் சொல்லித் தந்தார். என்னை மிஷன் பள்ளிக்கூட விடுதிக்கு அனுப்பினார். அங்கே பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதியவளை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்துவார்கள். நான் வளர்ந்தது அப்படி. ஒரு வரி எடுத்தாலும் யாருடையது என்று எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை.

உங்களுக்கு ஐயாவின் சொல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, கேட்க ஒரு சபை இருக்கிறது. எனக்கென்று இருப்பது அந்த ஒரு பாட்டு. நாற்பத்தெட்டு வயதில் வேறு எதைக் காட்டுவேன்? கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று சனம் கதைக்கும்போது, அதை நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது சிறிய வேலை. கீழுள்ளதை உங்கள் கையால் எழுதி, ஒரு சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்டு அனுப்புங்கள்:

"இவ்விளக்கம் என் தங்கை செல்வி அருந்ததியுடையது. அவரின் அனுமதியின்றியும் அவர் பெயரைக் குறிப்பிடாமலும் எடுத்து, என்னுடையதாக வெளியிட்டேன்."

கடுமையான வசனம்தான். மென்மையாக எழுதினால், தமையன் தங்கைக்கு இரங்கி எழுதியது என்று பரீட்சகர் தள்ளிவிடுவார்.

அருந்ததி

*

சிவமயம்

கரவெட்டி
2 பெப்ரவரி 1938

அருந்ததிக்கு,

நீ தந்த வசனத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்.

தியாகராசா நீதவான் வீட்டு விறாந்தையில் ஆட்கள் இருந்தார்கள். உரத்து வாசித்த பிறகுதான் ஒப்பம் வாங்குவாராம். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பண்டிதர், உது களவெடுத்தன் எண்டதெல்லோ? விளங்கித்தான் எழுதினியளோ?"

"ஓம்" என்றேன்.

"தங்கச்சியிட்டையோ?" என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் ஓம் என்றேன்.

"அப்ப இவ்வளவு நாளும் கோயிலிலை சொன்ன மிச்சமெல்லாம் ஆரின்ரையாம்?" என்று இன்னொருவர் கேட்கச் சிரிப்பு எழுந்தது.

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உன் சொல்லுக்கு ஒப்பமிட்டுவிட்டேன். ஐயாவின் சொல்லுக்கு யாரிடம் போய் ஒப்பமிடுவேன்? அவர் இல்லையே.

விற்காத பிரதிகளை அச்சகத்திலிருந்து எடுப்பித்துவிட்டேன். உன் காரியம் நிறைவேறட்டும்.

சி. பஞ்சலிங்கம்

*

வண்ணார்பண்ணை
18 ஜூன் 1938

அன்புள்ள அண்ணைக்கு,

பட்டம் கிடைத்துவிட்டது.

பங்குனியிலும் வைகாசியிலும் நான் எழுதியவற்றுக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. வருடப்பிறப்பன்று வந்தேன். "பொயிலைத் தோட்டத்திலை நிக்கிறார், வரச் சுணங்கும்" என்று மச்சாள் என் முகத்தைப் பாராமல் சொன்னார். வருடப்பிறப்பன்று யார் தோட்டத்தில் நிற்பார்கள்? கடைசி பஸ் வரும்வரை இருந்துவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் இயலைப் பரீட்சகர் இப்போது வெகுவாகப் பாராட்டி எழுதியிருக்கிறார். அதை யாருக்குக் காட்டலாம் என்று யோசித்தபோது உங்கள் முகம்தான் வந்தது. வேறு யாருக்கு அந்தப் பாட்டைத் தெரியும்?

நான் கேட்டது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த விறாந்தையை நான் நினைத்துப் பார்க்கவில்லை. வசனத்தை எழுதும்போது பரீட்சகர் ஒருவர்தான் என் கண்ணில் இருந்தார்.

நாளை கோயிலில் படிப்பு அந்தப் பாட்டுக்கு வருகிறதாம். கதிரவேலுவைச் சந்தையில் கண்டபோது சொன்னார். காலையில் வந்து இக்கடிதத்தை நானே உங்கள் கையில் தருகிறேன். போன வருடம் சொன்னபடியே பயன் சொல்லுங்கள் அண்ணை. என் பெயர் வேண்டாம். பெண்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் தங்கை
அருந்ததி

19 ஜூன்

கோயில் வாசலில் இதை நீட்டினேன். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "வேண்டாம் பிள்ளை. உன்ரை எழுத்தை இனி நான் தொடமாட்டன்" என்றீர்கள். குரலில் கோபம் இருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள்.

கதிரவேலு அந்தப் பாட்டை வாசித்தார். அவர் திரும்பவும் வாசித்தார்.

"பண்டிதர், பயனைச் சொல்லுங்கோவன்" என்று முன்னால் இருந்தவர் சொன்னார்.

"இந்தப் பாட்டுக்கு என்னட்டைப் பயன் இல்லை. அது தங்கச்சியின்ரை. அவ அங்கை இருக்கிறா, கேளுங்கோ" என்றீர்கள்.

சபை முழுவதும் பெண்கள் பக்கம் திரும்பியது. அந்த ஐந்து பக்கமும் எனக்கு மனப்பாடம். வாய் திறபடவில்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கதிரவேலு அடுத்த பாட்டை எடுத்தார். அதற்கு நீங்கள் பயன் சொன்னீர்கள்.